குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகலாமா?

பிளஸ் டூ முடிவு வெளியான வாரத்தில், ஏதாவதொரு கலை அறிவியல் கல்லூரியின் விண்ணப்பக் கவுன்ட்டர் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும்: “கிரிமினாலஜி படிச்சா எஸ்.ஐ. ஆயிடலாமா சார்?” கேட்பது பெரும்பாலும் அப்பா. பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். சமூகவியலைப் பற்றி விசாரிப்பவர் அபூர்வம். விசாரித்தாலும், “வேற எதுவும் கிடைக்கலைன்னா இதைப் போட்டுக்கலாமா?” என்ற தோரணைதான்.

அப்பாவின் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். ஆகலாம். ஆனால் அதற்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. எஸ்.ஐ. தேர்வுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது ஏதாவதொரு பட்டம், பி.காம். படித்தவரும் எழுதலாம், தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். உயரம் அளக்கிறவரும் ஓட்டத்துக்கு நேரம் பார்க்கிறவரும் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. வெப் சீரிஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் குற்றவியல் என்றால் மஞ்சள் டேப்பும் கையுறையும் ரத்த மாதிரியும் என்று நினைத்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள். அது தடய அறிவியல். வேதியியலும் உயிரியலும் அறிந்தவர்களின் வேலை அது. அதற்கென்றே காந்திநகரில் ஒரு தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் பருவத்திலேயே துர்கைம், லம்பரோசோ போன்ற கோட்பாட்டாளர்கள் எதிரே வந்து நிற்கும்போது, ‘தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோமோ’ என்று இந்தப் பிள்ளைகள் விழிப்பார்கள்.

தப்பான பஸ் இல்லை. ஆனால் பாதி டிக்கெட்தான் கையில் இருக்கிறது என்பேன். குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்று கேட்பது குற்றவியல். எந்தச் செயலைக் குற்றம் என்று சொல்கிறோம், அப்படிச் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது சமூகவியல். பிரிட்டனில் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே இளங்கலைப் பட்டமாகப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. நம்மூரில் இரண்டும் தனித்தனி. குற்றவியல் மாணவருக்குச் சமூகவியல் பெரும்பாலும் துணைப்பாடமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அது போதாது. முதல் கேள்வியை மட்டும் கேட்கத் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குச் சாட்சி தேடி லண்டனுக்கோ சிகாகோவுக்கோ போக வேண்டாம். மதுரையிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் உசிலம்பட்டி.

ராத்திரிச் சீட்டு

1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் என்றொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சர் மகன் தச்சராவதுபோலத் திருடர் மகனும் திருடராகத்தான் வருவான் என்ற வாதம் அதன் பின்னால் இருந்தது. முதலில் வடக்கே அமலான சட்டம், 1911இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் சாதியினர் மீது 1914 தொடங்கிப் படிப்படியாகப் பாய்ந்தது. வயதுவந்த ஆண் என்றால் பெயரைப் பதிந்து பத்து விரல் ரேகையும் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் ஊரில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். பதிவானவர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜர் ஆக வேண்டும். வெளியூரில் தங்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். ‘ராத்திரிச் சீட்டு’ என்று அதைச் சொன்னார்கள். திருடியவர், திருடாதவர் என்ற பேதமே கிடையாது. பிறந்த வீடுதான் குற்றப்பத்திரிகை.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி அதே வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்ததாக அந்த ஊர் நினைவு வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்து மதுரையில் வழக்காடியவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்திலிருந்து வந்த அந்தக் கிறிஸ்தவ வக்கீலை இம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள்.

அந்தக் காலத்துக் குற்றவியல் இதைத் தவறு என்று சொல்லவில்லை, முட்டுக் கொடுத்தது. இத்தாலியில் சேசரே லம்பரோசோ என்ற மருத்துவர் கைதிகளின் மண்டையோடுகளை அளந்து, குற்றவாளிகள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறார்கள் என்று 1876இல் புத்தகம் போட்டார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலும் கையுமாகத் திரிந்தவர்தான். தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளை வெளியிட்டார். யாருடைய மூக்கு எத்தனை அகலம் என்று எழுதி வைத்த அந்தத் தொகுதிகளை இன்றும் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னத்தைச் சொல்ல.

இந்த இடத்தில் ஒரு சமூகவியல் மாணவர் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? சட்டம் வருவதற்கு முன் இந்த மக்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று முதலில் கேட்டிருப்பார். பதில் வேடிக்கையானது: காவல். ஊரையும் களத்தையும் மாட்டையும் காப்பது அவர்கள் பாத்தியதை. அதற்கு அறுவடையில் பங்கு உண்டு. காவல் கொடுத்த ஊரில் களவு போனால் மீட்டுத் தர வேண்டும், அல்லது ஈடு கட்ட வேண்டும். காணாமற்போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்வதற்குத் துப்புக்கூலி என்று ஒரு தொகை. காவல் கூலி தர மறுத்த வீட்டில் மாடு காணாமற்போவதும் நடந்தது, அதை மறைப்பதற்கில்லை. 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. காவலுக்குக் காக்கிச் சட்டைக்காரர் வந்துவிட்டார். அதே வேலையை அதே ஆள் செய்தால் அது மிரட்டிப் பணம் பறித்தல் ஆகிவிட்டது. அந்த நூற்றாண்டின் கடைசியில் மற்றச் சாதி விவசாயிகள் ‘பண்டு’ என்று பணம் திரட்டிக் காவல்காரர்களை விரட்டியபோது, இருந்த வருமானமும் போயிற்று.

அடுத்து அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருப்பார். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. தண்ணீர் மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. உசிலம்பட்டி மேடு, அங்கே ஏறவில்லை. மேலூரிலும் கள்ளர்கள்தான் வாழ்கிறார்கள். நெல் விளைந்த அந்தப் பக்கத்தில் களவு குறைந்துவிட்டதை வெள்ளைக்கார அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஓடுவதாகச் சொன்ன திருட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் எங்கே போயிற்று? லம்பரோசோவைத் தோற்கடிக்க இதைவிட வேறு ஆய்வு வேண்டியதில்லை.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் நீங்கியது. இங்கே அது நீங்கிய சூட்டோடு, 1949–50இல், லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்தார். 1957இல் வெளியான அவர் புத்தகத்தில் உறவுமுறை உண்டு, சாமி உண்டு, மாமன் முறையும் சீரும் செய்முறையும் உண்டு. போலீஸ் பதிவேடு விரல் ரேகையாக மட்டுமே பார்த்த மக்களை அவர் மனிதர்களாகப் பார்த்தார். இவ்விரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்வதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடமாக இருக்க வேண்டும். மூன்றாவதாகச் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்ட’த்தையும் சேர்க்கலாம். சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல் என்பதால் பாடத்திட்டக் குழுவுக்கும் ஆட்சேபம் இருக்காது.

பழைய கதைதானே என்று தோன்றலாம். அந்தச் சட்டத்தின் கீழ் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் முந்நூறுக்கு நெருக்கமாக இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அவர் அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது; பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது; இந்தச் சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கச் சொன்னது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அவமானமாகத் தொடங்கிய ஒரு பெயர் நூறாண்டில் எப்படி உரிமையாக மாறியது? அரிவாள் எடுத்த பதினேழு வயதுப் பையனின் மனசை மட்டும் ஆராய்ந்தால் இந்தக் கேள்வி பக்கமே வர முடியாது.

அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை ஒதுக்கும் சிறை விதிகள் செல்லாது என்றது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. ஒரு பத்திரிகையாளரின் செய்திக் கட்டுரையிலிருந்து பிறந்த வழக்கு அது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பதும் அதில் பேசப்பட்டது.

கணக்கில் வராதவர்கள்

மூன்று வருடத்தில் வேறெதையும் கற்காவிட்டாலும், ஒரு எஃப்.ஐ.ஆரை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொண்டு வெளியே வந்தால் கட்டின ஃபீஸ் வீண் இல்லை. அந்தப் படிவத்தில் சட்டப் பிரிவு, சம்பவ இடம், ஸ்டேஷனிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். நடுவில் ஒரு கட்டம்: புகார் தருவதில் தாமதம் ஏற்பட்டதற்குக் காரணம். பல எஃப்.ஐ.ஆர்.களில் அது காலியாகக் கிடக்கும், அல்லது ‘தாமதம் இல்லை’ என்று ஒரு வரி. வக்கீலுக்கு அது குறுக்கு விசாரணைக்கான கட்டம். சமூகவியல் மாணவருக்கு அங்கேதான் பாடமே தொடங்குகிறது. புருஷன் அடித்து மூன்று நாள் கழித்து ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வருகிறாள் என்றால், அந்த மூன்று நாளில் அம்மா வீட்டுக்குப் போய் வந்திருப்பாள், ஊர்ப் பெரியவர்கள் பேசியிருப்பார்கள், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை யார் கட்டுவது என்று யோசித்திருப்பாள்.

வந்த பிறகும் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்று நிச்சயமில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, “நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாம்மா, பேசிப் பார்ப்போம்” என்று அனுப்பிவிடுவது நம் ஸ்டேஷன்களில் சர்வசாதாரணம். கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றுக்கு மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்க இடம் கொடுத்தது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் சி.எஸ்.ஆர். குடியிருக்கிறது. சி.எஸ்.ஆரோடு நின்றுபோன புகார் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைக்குப் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்தாலும், ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரிய குற்றமான கொலையை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள்.

இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடமே கேட்டார்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். இந்த 38 பேரையும் எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஆகவே, ‘குற்றங்கள் அதிகரிப்பு’ என்று டிவியில் ஓடும் வரியைப் பார்த்ததும் இந்தப் படிப்புப் படித்தவர் முதலில் கேட்க வேண்டியது: கூடியது குற்றமா, புகாரா? ஒரு மகளிர் காவல் நிலையம் புதிதாகத் திறந்தாலே அந்த வட்டாரத்தில் வழக்கு கூடும். கூடினால் நல்லது.

சிறைக் கணக்கு இன்னும் பேசும். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். அதாவது நான்கில் மூன்று பேர். குற்றவாளிகளைப் பற்றிப் படிக்கச் சிறைக்குப் போகும் மாணவர் அங்கே பெரும்பாலும் சந்திப்பது ஜாமீன் எடுக்க ஆளில்லாதவர்களை.

வெளியே இருக்கும் குற்றவாளிகளைப் பற்றிப் பேசியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட். கோட்டு சூட்டுப் போட்டவர்களின் குற்றங்களை ஏன் குற்றவியல் கணக்கில் எடுப்பதில்லை என்று 1939இல் கேட்டார். பத்து வருடம் கழித்து எழுபது பெரிய கம்பெனிகளின் சட்ட மீறல்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மானநஷ்ட வழக்குக்குப் பயந்து பதிப்பாளர் கம்பெனிப் பெயர்களை நீக்கச் சொன்னார். பெயர்களோடு அந்தப் புத்தகம் வெளியானது 1983இல், அவர் இறந்து முப்பத்து மூன்று வருடம் கழித்து. வருடத்துக்கு ஒரு நிதி நிறுவனம் மூழ்கி, டெபாசிட் போட்டவர்கள் ரசீதோடு பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நிற்கும் நம் மாநிலத்தில் சதர்லேண்டைப் புரியவைக்கக் கரும்பலகையே தேவையில்லை.

சரி, வேலை?

இந்தியாவில் சமூகவியலுக்கு முதல் துறை 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் பேராசிரியர் பேட்ரிக் கெடஸ். உயிரியல் படித்து, நகரமைப்பில் பேர் வாங்கியவர். பம்பாய்க்கு முன்பே சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்துத் திட்ட அறிக்கைகள் எழுதியவர் அவர். குற்றவியலுக்கு 1959இல் மத்தியப் பிரதேசத்தின் சாகரில் துறை வந்தது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகமும் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இதில் பெயர் பெற்றவை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரைப் பற்றிய ஆய்வை இங்கே வேரூன்றச் செய்தவர் பேராசிரியர் கே. சொக்கலிங்கம். இணையக் குற்றவியல் என்று ஒரு தனிப் பிரிவுக்கு உலக அளவில் பெயர் வைத்த கே. ஜெய்சங்கர் நெல்லையில் இருந்தவர். இளங்கலை அளவுக்குத்தான் இந்தப் பெருமை இறங்கி வரவில்லை.

வேலைக்கு வருகிறேன். இளங்கலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு படிப்புமே மற்றப் பட்டங்களைப்போல ஒன்றுதான். குரூப் தேர்வு, வங்கித் தேர்வு என்று எல்லோரோடும் வரிசையில் நிற்க வேண்டும். இதை மறைத்து, சி.பி.ஐ., ரா என்று பிட் நோட்டீஸ் அடிக்கும் கல்லூரிகளை நம்ப வேண்டாம். முதுகலையோ சமூகப் பணியோ சட்டமோ சேர்ந்தால் கதவு திறக்கிறது. அந்தக் கதவு அதிகம் பேசப்படாத இடத்தில் இருக்கிறது: நன்னடத்தை அலுவலர்.

பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு பையன் பைக் திருடிப் பிடிபட்டால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார்வார்கள்; அவர்களில் ஒருவராவது பெண். அந்த இடத்துக்குரிய தகுதிகளில் சமூகவியல் பட்டத்தையும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் நாள் ஆஜரானதிலிருந்து பதினைந்து நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். பையன் எங்கே படுக்கிறான், அப்பா குடிப்பாரா, பள்ளிக்கூடத்தை எப்போது விட்டான், ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான் என்றெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அந்த அறிக்கை நன்றாக இருந்தால் பையன் வீட்டுக்குப் போவான், பாலிடெக்னிக்குக்குப் போவான். ‘குடும்பச் சூழ்நிலை சரியில்லை’ என்று ஒரே வரியை எல்லா அறிக்கையிலும் நகலெடுத்து ஒட்டினால் அவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவான். அங்கே யாரோடு பழகி எப்படித் திரும்புவான் என்பது வேறு கதை.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வது, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடித் திருப்பிக் கொடுப்பது போன்ற சில குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகக் கொண்டுவந்திருக்கிறது. எங்கே சேவை செய்வது, ஒழுங்காகச் செய்தாரா என்று யார் பார்ப்பது? மருத்துவமனை வராந்தாவைக் கூட்டச் சொல்லி, கூட்டுவதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்களிடம் இதை விட்டால் தண்டனை வெறும் அவமானமாகிவிடும். ஆள் தேவைப்படப் போகிற இடம் இது. அரசு பதவிகளை உருவாக்குமா என்பது வேறு. நிரப்பாமல் கிடக்கும் பழைய நன்னடத்தை அலுவலர் இடங்களையாவது முதலில் நிரப்பட்டும்.

படிப்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்வழி மாணவர் கையில் கொடுக்க நல்ல பாடநூல் அருகிக் கிடக்கிறது; கைடும் ஜெராக்ஸும்தான் ஓடுகின்றன. ராபர்ட் மெர்ட்டனின் கோட்பாட்டை ஐந்து மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒப்பிக்கிற மாணவர், சீக்கிரம் பணக்காரனாக வேண்டும், அதற்கு நேர்வழி அடைபட்டிருக்கிறது என்று தன் தெருவில் கஞ்சா பொட்டலம் விற்கப் போன பள்ளித் தோழனின் கதையும் அதுதான் என்று கண்டுகொள்வதில்லை. ஆசிரியர்களைச் சொல்லிக் குற்றமில்லை; பலர் கௌரவ விரிவுரையாளர்கள், பாடத்திட்டத்தைத் தொட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

ஆகவே, சேர்வதற்கு முன் கல்லூரியில் துறைத்தலைவரைப் பார்த்து, களப்பணிக்கு எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். காவல் நிலையத்தில் ஒருநாள், மத்திய சிறைக்கு ஒரு பஸ் பயணம், இன்ஸ்பெக்டரோடு குரூப் போட்டோ என்பது பதிலாக இருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். இளைஞர் நீதிக் குழுமத்திலோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, ஒரு குடியிருப்பிலோ ஒரு பருவம் முழுக்க உட்கார வைத்து அறிக்கை எழுதச் சொல்கிறார்களா, அதைத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருந்தால், குற்றவியல் மாணவர் சமூகவியல் தாள்களை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்பதை ஃபீஸ் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. டைம்டேபிள் இடிக்கிறது என்று பிறகு சொல்வார்கள்.